பழகிப்போன நெருப்பு

2006-ம் ஆண்டு ஜாவா தீவின் மெராபி மலை புகையைக் கக்கத் தொடங்கியபோது, அடிவாரத்து மக்களை உடனே இறங்கச் சொன்னது இந்தோனேசிய அரசு. மலையுச்சியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கினாரெஜோ கிராமத்தில் ஒருவர் மட்டும் மறுத்தார். பெயர் மரிஜான். வயது 80-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரே அவரைத் தாத்தா என்றுதான் அழைத்தது. யோக்யகார்த்தா சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோவால் மலையின் காவலராக நியமிக்கப்பட்டவர் அவர். ஆண்டுதோறும் அரண்மனையிலிருந்து வரும் துணியையும் பூவையும் சாம்பிராணியையும் மலைமேல் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய கடமை. “எல்லோரும் போங்கள், நான் இங்கேதான் இருப்பேன்” என்பதே அவர் நிலை.

அந்த ஜூன் மாதம் மெராபி சீறியது. நெருப்பு மேகம் கலியாதெம் பக்கம் இறங்கியது. அங்கே அரசு கட்டியிருந்த பதுங்கு அறைக்குள் ஒதுங்கிய இரண்டு பேர் வெப்பத்தில் உயிரிழந்தார்கள். கினாரெஜோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரிஜான் ஒரே நாளில் நாடறிந்த மனிதரானார். தொலைக்காட்சி தேடி வந்தது. சத்து பான விளம்பரத்தில்கூட அவரை நடிக்க வைத்தார்கள்.

நான்கே ஆண்டுகள். 2010 அக்டோபர் 26, மாலை 5 மணி தாண்டியதும் மெராபி மறுபடி வெடித்தது. இம்முறை மேகம் நேராகக் கினாரெஜோவுக்கு வந்தது. தொழுகையில் நெற்றி நிலத்தைத் தொட்ட நிலையில் மரிஜானின் உடல் கிடைத்தது. அவரோடு, அவரைக் கீழே அழைத்து வரப் போனவர்கள் உட்பட 30-க்கும் மேற்பட்டோர் அந்த மாலையில் இறந்துபோனார்கள்.

மூடநம்பிக்கை என்று சொல்லி இந்தக் கதையை மூடிவிட எனக்கு மனமில்லை. வாழ்நாள் முழுவதும் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் அவர். அவர் வயதுக்கு எத்தனையோ முறை அது புகைந்திருக்கிறது, சரிந்திருக்கிறது, அடங்கியும் இருக்கிறது. போன முறை இங்கே வரவில்லை என்பது அவர் கண்ணால் கண்ட உண்மை. பதுங்கு அறையைக் கட்டிய பொறியாளர்களும் பழைய வெடிப்புகளின் கணக்கை வைத்துத்தானே கட்டியிருப்பார்கள்? உலகில் ஓயாமல் கொதிக்கும் எரிமலைகளின் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு வரும் பெரிய ஆபத்து இதுதான். அடிக்கடி சீறும் மலை பழகிவிடுகிறது. போன தடவை எதுவரை வந்ததோ அதுவே எல்லைக்கோடு என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. மலைக்கு அப்படியொரு கோடு கிடையாது.

எந்த நாளிலும் 40

ஆண்டின் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் உலகில் 40 முதல் 50 எரிமலைகள் வெடிப்பு நிலையில் இருக்கின்றன என்கிறது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் பராமரிக்கும் பதிவேடு. இவற்றில் பெரும்பாலானவை செய்தியாவதே இல்லை. தெற்கு இத்தாலியை ஒட்டிய கடலில் நிற்கும் ஸ்ட்ராம்போலி, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய கால் மணிக்கு ஒருமுறை தீப்பொறிகளை வீசிக்கொண்டிருக்கிறது. பழைய மாலுமிகள் அதை மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் என்றார்கள். சிசிலித் தீவின் எட்னா அடிக்கடி சாம்பலைத் தூவி, அருகிலுள்ள கத்தானியா நகரின் விமான நிலையத்தை மூட வைக்கிறது.

ஹவாயின் கிலாவேயா 1983 ஜனவரியில் தொடங்கிய வெடிப்பை 2018 வரை, 35 ஆண்டுகள், நிறுத்தவில்லை. 2018 மே மாதம் குடியிருப்புப் பகுதியின் தெருக்களிலேயே நிலம் பிளந்து லாவா வந்தது. 700-க்கும் அதிகமான வீடுகள் அழிந்தன. ஆனால் லாவாவால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. 1912-லேயே அந்த மலைமேல் ஆய்வுக்கூடம் அமைத்துக் கண்காணித்து வருகிறார்கள் என்பது ஒரு காரணம். லாவாவின் குணம் இன்னொரு காரணம். 2024 டிசம்பரில் அது மறுபடி எழுந்து, இடைவெளி விட்டு விட்டு 300 மீட்டருக்கும் மேல் நெருப்பு ஊற்றுகளை எழுப்பியது. அதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்றார்கள்.

கிலாவேயாவைப் பார்க்க வரிசையில் நிற்கலாம். மெராபி முன்னால் அப்படி நிற்க முடியாது. ஏன்?

பூமிக்கடியில் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பில் சிலிக்காவின் அளவு குறைந்தால் குழம்பு இளகி ஓடும், அதிகரித்தால் கெட்டிப்படும். ஹவாயில் ஆழத்திலிருந்து நேரே மேலேறும் குழம்பில் சிலிக்கா குறைவு. அதில் கரைந்திருக்கும் வாயு எளிதாகப் பிரிந்து வெளியேறிவிடுகிறது. ஜாவாவின் கதை வேறு. இந்தியப் பெருங்கடலின் தரைத்தட்டு தீவுக்கு அடியில் சரிந்து இறங்குகிறது. அது கூடவே கொண்டுபோகும் கடல்நீர் ஆழத்தில் பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அப்படிப் பிறக்கும் குழம்பு மேலே வந்து சேர்வதற்குள் கெட்டிப்பட்டுவிடுகிறது. வாயுவால் எளிதில் தப்ப முடிவதில்லை. மெராபியின் உச்சியில் இந்தக் குழம்பு ஓடாமல் குவிந்து ஒரு மேடாக வளரும். வளர்ந்து, தன் பாரம் தாங்காமல் சரியும். சரியும்போது உள்ளே அடைபட்ட வாயு வெடித்துப் பாறையைத் தூளாக்கும். சாம்பலும் கல்லும் நூற்றுக்கணக்கான டிகிரி வெப்ப வாயுவும் சேர்ந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஆற்றுப் பள்ளங்கள் வழியே பாய்ந்து வரும். அதுதான் நெருப்பு மேகம்.

ஜாவாக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் வெதுஸ் கெம்பெல், சடைபிடித்த செம்மறியாடு. தொலைவிலிருந்து பார்த்தால் சாம்பல் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உருண்டு வருவது, நெருக்கியடித்துக்கொண்டு சரிவில் இறங்கும் ஆட்டு மந்தை போலவே இருக்கும். லாவாவை நடந்தே முந்திவிடலாம். இந்த மந்தையை மோட்டார் சைக்கிளில் போனாலும் முந்துவது கடினம்.

ஒரு நாளில் அரை மீட்டர்

2010 செப்டம்பர் 20 அன்று மெராபியின் எச்சரிக்கை நிலை ஒன்றிலிருந்து இரண்டாக உயர்ந்தது. அக்டோபர் 21-ல் மூன்று. 25-ம் தேதி காலை 6 மணிக்கு உச்ச நிலையான நான்கு. வெடித்தது மறுநாள். இந்த வரிசையை எழுதுவது எளிது, அந்த முடிவுகளை எடுத்தவர்களின் தூக்கமற்ற இரவுகள்தான் கடினம். இந்தோனேசிய எரிமலை ஆய்வு மையத்தின் தலைவராக அப்போது இருந்தவர் சுரோனோ. பிற்காலத்தில் மக்கள் அவரையும் பாசமாகத் தாத்தா என்றே அழைக்க ஆரம்பித்தார்கள்.

மலைமேல் பல இடங்களில் பிரதிபலிப்பான்களைப் பதித்திருக்கிறார்கள். அடிவாரக் கண்காணிப்பு நிலையங்களிலிருந்து அவற்றின்மேல் லேசர் கதிரை அனுப்பி, திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கிறார்கள். உள்ளே குழம்பு ஏறினால் மலை வெளிப்பக்கம் புடைக்கும், தூரம் குறையும். வழக்கமாக மில்லிமீட்டர், சென்டிமீட்டர் கணக்கில் மாறும் அந்தத் தூரம், அக்டோபர் 26-க்கு முந்தைய நாட்களில் ஒரு நாளுக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் வரை குறைந்தது. ஒரு மலையின் தோள் தினமும் அரை மீட்டர் முன்னால் வந்தது. நிலநடுக்கமானிகளில் அதிர்வுகளைத் தனித்தனியாக எண்ணவே முடியாத நிலை. கந்தக வாயுவின் அளவும் எகிறியது. பழைய மெராபி இப்படி நடந்துகொண்டதில்லை. 1872-க்குப் பிறகு அது இவ்வளவு பெரிதாக வெடித்திருக்கவில்லை. பழைய அனுபவத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கருவி சொல்வதை மட்டும் கேட்டாக வேண்டிய கட்டம் அது.

10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருந்தவர்களை இறங்கச் சொன்னார்கள். பலர் இறங்கினார்கள். ஆனால் பகலில் மேலே போய்வந்தார்கள். காரணம் மாடு. மெராபியின் தெற்குச் சரிவில் பால்மாடுதான் குடும்பத்தின் சொத்து, சேமிப்பு, மகளின் கல்யாணம், மகனின் படிப்பு. முகாமில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்கு, கட்டுத்தறியில் பசியோடு நிற்கும் மாட்டை நினைத்தால் தூக்கம் வருமா? விடிந்ததும் புல்லறுக்கும் அரிவாளோடு மலையேறிவிடுவார். இது அதிகாரிகளுக்குப் புரிய கொஞ்ச நாள் பிடித்தது. பிறகு மாடுகளை அரசே விலைக்கு வாங்கிக்கொள்ளும் என்று அறிவிக்கப்பட்டது. பேரிடர் மேலாண்மை பற்றி எத்தனையோ அறிக்கைகள் இருக்கின்றன. மாட்டைக் கணக்கில் எடுக்காத திட்டம் கிராமத்தில் செல்லாது என்று இந்த ஒரு அறிவிப்பு சொன்னதுபோல் அவை சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் 26-ன் வெடிப்போடு முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். செயற்கைக்கோள்களின் ரேடார் படங்கள் வேறு சொல்லின. மேகம் மூடிய உச்சியில், கண்ணால் பார்க்க முடியாத இடத்தில், புதிய குழம்பு மேடு மின்னல் வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. நவம்பர் 3-ல் அபாய வட்டம் 15 கிலோமீட்டராக விரிந்தது. நவம்பர் 4 நள்ளிரவை ஒட்டி 20 கிலோமீட்டர் ஆக்கினார்கள். அரைத் தூக்கத்தில், சாம்பல் மழையில், சேறு படிந்த கண்ணாடியைத் துடைத்தபடி லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் தெற்கே யோக்யகார்த்தா நோக்கி ஓடின. நள்ளிரவு தாண்டியதும் மெராபி வெடித்தது. கெண்டோல் ஆற்றுப் பள்ளத்தின் வழியே நெருப்பு மேகம் 15 கிலோமீட்டருக்கும் அப்பால் வரை போயிற்று.

அந்தச் சரிவில் இன்று ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. எஞ்சிய என் சொத்து என்பது அதன் பெயரின் பொருள். அழிந்த வீட்டில் மிஞ்சியதை அப்படியே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். சக்கரமும் இருக்கையும் போய் இரும்புக் கூடாக நிற்கும் மோட்டார் சைக்கிள்கள், உருகி நெளிந்த கண்ணாடிப் புட்டிகள், மாடுகளின் எலும்புக்கூடு. சுவரில் ஒரு கடிகாரம். அதன் முகப்பு உருகி வழிந்திருக்கிறது, முட்கள் 12 மணி 5 நிமிடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

மொத்தத்தில் 350-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஏறக்குறைய 4 லட்சம் பேர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். சரியான நேரத்தில் மக்களை அப்புறப்படுத்தியதால் 10,000 முதல் 20,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் பின்னர் கணித்தார்கள். இறந்தவர்களின் பட்டியல் நம்மிடம் இருக்கிறது. பிழைத்த அந்தப் பல்லாயிரம் பேருக்குப் பட்டியல் எதுவும் இல்லை. தாங்கள்தான் அந்தக் கணக்கில் இருக்கிறோம் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் அங்கே ஏன் வாழ்கிறார்கள் என்று கேட்பது தொலைவில் இருப்பவர்களுக்குச் சுலபம். எரிமலைச் சாம்பல் மக்கினால் அதைவிட வளமான மண் கிடையாது. நெல், புகையிலை, பாம்புத்தோல் போன்ற தோலுள்ள சாலாக் பழம், எல்லாம் விளையும். வற்றாத ஊற்றுகள் உண்டு. வெடிப்பு கொண்டுவந்து கொட்டும் மணலும் கருங்கல்லும் ஜாவாவின் கட்டுமானத்துக்கே தீனி, அதை அள்ளுவது ஆயிரக்கணக்கானவர்களின் தினக்கூலி. யோக்யகார்த்தா அருகே 1966-ல் ஒரு விவசாயியின் மண்வெட்டியில் செதுக்கிய கல் ஒன்று தட்டியது. தோண்டத் தோண்ட ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவன் கோயில் ஒன்று வெளியே வந்தது. சம்பிசாரி என்ற அந்தக் கோயில் எரிமலை மணலுக்கும் சேற்றுக்கும் அடியில் 6 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் புதைந்து கிடந்திருக்கிறது. இன்று படிக்கட்டில் கீழே இறங்கித்தான் அதைப் பார்க்க வேண்டும். மேலே சுற்றிலும் வயல். மெராபி மூடியதன் மேலேயே மறுபடி உழுது விதைத்து ஆயிரம் ஆண்டாக வாழ்ந்துவரும் மக்கள் அவர்கள்.

விடுதிக்குத் தெரிந்தது, ஊருக்குத் தெரியவில்லை

குவாத்தமாலாவின் ஃபுயேகோ மலையும் மெராபி ரகம்தான். பல ஆண்டுகளாகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உறுமிப் புகை விடுவது அதன் இயல்பு. 2018 ஜூன் 3, ஞாயிற்றுக்கிழமை காலை சத்தம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. அடிவாரத்தில் இருந்த கோல்ஃப் விடுதி தன் விருந்தினர்களைக் காலையிலேயே வெளியேற்றிவிட்டது. அதற்கு அருகிலேயே இருந்த சான் மிகேல் லோஸ் லோத்தெஸ் கிராமத்துக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. பிற்பகலில் நெருப்பு மேகம் அந்த ஊரைக் கூரைவரை மூடியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், இன்னும் நூற்றுக்கணக்கானோரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. தினமும் உறுமும் மலைதானே என்று ஊர்க்காரர்கள் இருந்ததில் குற்றம் காண முடியாது. எச்சரிக்கை வந்து சேராத இடத்தில் பழக்கம் ஒன்றுதான் வழிகாட்டி.

இதைவிட மனதை வதைக்கும் கதை காங்கோவின் கோமா நகருடையது. கிவு ஏரிக்கரையில் லட்சக்கணக்கானோர் வாழும் நகரம். வடக்கே, ஒரு பகல் நடையில், நியிராகோங்கோ எரிமலை. அதன் லாவா உலகிலேயே மிக இளகியவற்றுள் ஒன்று. 1977-ல் மலைச்சரிவு பிளந்து உச்சியிலிருந்த லாவா ஏரி வடிந்தபோது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. லாவாவை நடந்தே முந்தலாம் என்று மேலே எழுதியது இந்த மலைக்குப் பொருந்தாது. 2002-ல் நகரத்தின் நடுவிலேயே புகுந்து கிவு ஏரிவரை போனது. கறுத்து இறுகிய அந்த லாவாவின் மேலேயே மக்கள் மறுபடி வீடு கட்டினார்கள், அதையே உடைத்துச் சுவர் எழுப்பினார்கள். தாழ்வான பள்ளங்களில் நிலத்திலிருந்து கசியும் கரியமில வாயு தேங்கி நிற்கும். மசுக்கு என்று அதைச் சொல்வார்கள். அதற்குள் இறங்கும் ஆடும், சில நேரம் குழந்தையும், திரும்பி வருவதில்லை.

இப்படிப்பட்ட மலையைக் கண்காணிக்கும் கோமா ஆய்வுக்கூடத்துக்கு உலக வங்கி தந்துவந்த நிதி 2020-ல் நின்றது. மலைமேல் உள்ள கருவிகளின் தகவலைக் கொண்டுவரும் இணைய இணைப்புக்குப் பணம் கட்ட வழியில்லை. பல மாதங்கள் கருவிகள் இருந்தும் தகவல் வரவில்லை. 2021 ஏப்ரலில்தான் இணைப்பு திரும்பியது. மே 22 சனிக்கிழமை மாலை நியிராகோங்கோ வெடித்தது. எந்த எச்சரிக்கையும் தரப்படாத நகரம், சிவந்த வானத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டது. மக்கள் இருட்டில் ருவாண்டா எல்லை நோக்கி மூட்டை முடிச்சுகளோடு ஓடினார்கள். லாவா விமான நிலையத்தை நெருங்கி நின்றது. ஆயிரக்கணக்கான வீடுகள் போயின, 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆறாத லாவாவைக் கடந்துபோக முயன்று வாயுவில் மூச்சுத் திணறி விழுந்தவர்களும் அவர்களில் உண்டு. இணைப்பு அறுந்திருக்காவிட்டால் முன்கூட்டியே கண்டுபிடித்திருப்பார்களா என்பதில் அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. இருக்கட்டும். ஒரு மாநகரத்தின் தலைக்குமேல் நெருப்பு ஏரி நிற்கும்போது அதைக் கேட்கும் காது இணையக் கட்டணத்துக்காக அடைபட்டது. இதை எந்த விளக்கத்தாலும் நான் ஏற்கமாட்டேன்.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. அந்தமானின் தலைநகரான, இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் இருக்கும் பேரன் தீவு. இந்தியாவில் கொதிக்கும் எரிமலை அது ஒன்றுதான். கடலுக்கு மேலே தெரியும் உயரம் சுமார் 350 மீட்டர், மிச்ச உடல் முழுக்கக் கடலுக்குள். 1787-ல் அது வெடித்ததைக் கப்பலில் போனவர்கள் பதிவு செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கியபின் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு அசைவில்லை. செத்துப்போன மலை என்றே எண்ணியிருக்கையில் 1991-ல் எழுந்தது. அதன்பின் 1994, 2005, 2017, 2025 செப்டம்பர் என்று திரும்பத் திரும்பப் புகைகிறது. ஜாவாவுக்கு அடியில் நடக்கும் அதே கடல்தரைச் சரிவின் வடக்கு நீட்சி இது. அங்கே குடியிருப்பவை எப்போதோ கொண்டுவிடப்பட்டுக் காட்டு ஆடுகளாகிப்போனவை போன்ற விலங்குகளும் பறவைகளும் மட்டுமே. மனிதர் இல்லாததால் நாமும் மறந்துபோகிறோம். ஒன்றரை நூற்றாண்டு மௌனத்தை மரணம் என்று படித்ததும், நான்கு ஆண்டு முன் நடந்ததை எல்லை என்று படித்ததும் ஒரே வகைப் பிழைதான்.

இறங்குவதைப் பழகுதல்

மெராபிக்காரர்கள் 2010-க்குப் பிறகு செய்த ஒரு காரியத்தை உலகம் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை. மலைமேல் உள்ள பல கிராமங்களைக் கீழே பாதுகாப்பான இடத்தில் உள்ள கிராமங்களோடு சேர்த்து, உடன்பிறந்த ஊர்கள் ஆக்கினார்கள். மேலூரில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை முதியவர்கள், எத்தனை மாடுகள் என்ற விவரம் கீழூரில் இருக்கும். அபாயம் வந்தால் எந்தப் பள்ளியில் தங்குவது, எந்தக் கொட்டகையில் மாட்டைக் கட்டுவது என்பது முன்பே தீர்மானமான விஷயம். மூங்கில் முரசும் கைப்பேசியும் வாக்கிடாக்கியும் சமூக வானொலியும் ஒரே நேரத்தில் செய்தி சொல்லும்.

2020 நவம்பர் 5-ல் மெராபி மீண்டும் மூன்றாம் நிலைக்கு உயர்ந்தபோது இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது. முதியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், அவர்களோடு மாடுகளும் முதலில் இறங்கின. கொரோனா காலம் என்பதால் முகாமில் குடும்பத்துக்குக் குடும்பம் தடுப்பு வைத்தார்கள். பெரிய வெடிப்பு வரவில்லை. 2021 ஜனவரியில் குழம்பு அமைதியாக வெளிவரத் தொடங்கியது. இறங்கியவர்கள் படிப்படியாக வீடு திரும்பினார்கள்.

“வீணாக இறக்கினார்கள்” என்ற முணுமுணுப்பு எந்த ஊரிலும் வரத்தான் செய்யும். அடுத்த முறை அழைக்கும்போது எத்தனை பேர் வருவார்கள் என்பதை அந்த முணுமுணுப்புதான் தீர்மானிக்கும். அதனால்தான் யோக்யகார்த்தாவின் எரிமலை அலுவலகம் இப்போது 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பொதுமக்களுக்கு அறிக்கை விடுகிறது. எத்தனை முறை பாறை சரிந்தது, எந்த ஆற்றுப் பள்ளத்துப் பக்கம், எத்தனை மீட்டர் வந்தது, இவ்வளவுதான் அதில் இருக்கும். கினாரெஜோ பக்கத்துப் பால்காரர் அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அன்றைக்குப் புல்லறுக்க எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யலாம்.